கொம்பும் காலும்

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊர்ச் சார்வாள் ஒருவர் வருஷக்கணக்காகச் சேர்த்து வைத்திருந்த பாட்டுகளிலும் படங்களிலும் மூன்றில் ஒரு பங்கை நான் அழித்தேன். வைரஸ் அழிக்கவில்லை, மின்வெட்டு அழிக்கவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், காப்பி ஆறுவதற்குள் முடித்துவிட வேண்டும் என்று நான்தான் என்டர் விசையைத் தட்டினேன். பிறகு அவரிடம் ஒரு பொய் சொன்னேன். அதற்கப்புறம் ஓர் உண்மையும் சொன்னேன். இரண்டையும் தப்பிப்பதற்காகத்தான் சொன்னேன். அந்த உண்மையைப் பற்றிச் சொல்லத்தான் எனக்கு இன்னும் கூச்சமாக இருக்கிறது.

ஊர் கரிவலம்வந்தநல்லூர். சங்கரன்கோவிலிலிருந்து இராசபாளையம் போகிற சாலையில் வருகிறது. பஸ்ஸில் யாரும் முழுப்பெயரைச் சொல்வதில்லை, கரிவலம் என்றாலே டிக்கெட் கிழித்துவிடுவார்கள். வெளியூர் நிறுவனம் ஒன்றின் சர்வர்களை மேய்க்கிற வேலை எனக்கு. 2020 ஊரடங்கில் பெட்டியோடு வீட்டுக்கு வந்தவன் திரும்பிப் போகவே இல்லை. தெருவில் என்னைக் கம்ப்யூட்டர் ரிப்பேர்க்காரன் என்றுதான் நினைத்திருக்கிறார்கள். ஆச்சிமார் செல்போனைக் கொண்டுவந்து நீட்டுவார்கள். வெளியே சலித்துக்கொண்டாலும் உள்ளுக்குள் எனக்கு அதில் ஒரு பெருமை. எந்த இயந்திரத்தைக் கொடுத்தாலும் 'லினக்ஸ் போட்டா பறக்கும்' என்று சொல்லிக்கொண்டு திரிகிற ஆள் நான். அந்தத் திமிரிலிருந்துதான் இந்தக் கதை ஆரம்பிக்கிறது.

சார்வாள் ஓய்வுபெற்ற தமிழாசிரியர். பள்ளிக்கூடத்தை விட்டு வந்த மறுமாதமே ஒரு சின்னக் கேமராவும் செல்போனுமாக ஊர் ஊராகப் போக ஆரம்பித்துவிட்டார். கோயில் தூண், கல்வெட்டு, தாலாட்டு, ஒப்பாரி, வில்லுப்பாட்டு, கிழவிகள் வாயிலிருந்து விழுகிற சொலவடை என்று ஒன்றையும் விடவில்லை. மகன் வெளிநாடு போகும்போது விட்டுப்போன ஐமேக்கில் அத்தனையையும் சேர்த்து வைத்தார். ஒவ்வொரு கோப்புக்கும் ஒற்றை விரலால் தட்டித் தட்டித் தமிழிலேயே பெயர் வைத்தார். அந்த ஐமேக் 2011ஆம் வருஷத்து மாடல். மேக்ஓஎஸ்ஸில் ஹை சியரா என்ற பதிப்பைத் தாண்டி எதுவும் அதில் ஏறாது. பிரவுசர் பழசு, பேங்க் தளம் திறக்காது.

'இதைத் தூக்கிப் போட வேண்டாம் சார்வாள். உள்ள இருக்கதை எல்லாம் நான் எடுத்து வகை பிரிச்சுத் தாரேன். லினக்ஸ் போட்டா இன்னும் அஞ்சு வருஷம் ஓடும்' என்றேன்.

'நீ செஞ்சாச் சரியா இருக்கும்லே' என்றார். ஒரு நாள்காட்டித் தாளின் பின்பக்கத்தில் தலைப்புகளை எழுதித் தந்தார். முத்து முத்தான கையெழுத்து. ஊர்கள் ஒரு பக்கம், பொருள் ஒரு பக்கம்.

நான் செய்த வேலை இதுதான். ஆர்சிங்க் என்ற நகலெடுக்கும் கருவியைக் கொண்டு ஐமேக்கில் இருந்த எல்லாக் கோப்புகளையும் என் லினக்ஸ் கணினிக்கு இழுத்தேன். சார்வாள் தந்த தலைப்புகளை வைத்து ஒரு ஸ்கிரிப்ட் எழுதினேன். ஒவ்வொரு சொல்லையும் ஃபைண்ட் என்ற கருவியிடம் கொடுத்து, அந்தச் சொல் பெயரில் வருகிற கோப்புகளைத் தேடச் சொல்லி, கிடைத்தவற்றை அந்தத் தலைப்பில் உள்ள புது ஃபோல்டருக்கு நகலெடுக்க வேண்டும். கேமரா தானாக எண் போட்டு வைத்த படங்களுக்கு 'மற்றவை' என்று ஒரு ஃபோல்டர். காலியாகக் கிடக்கிற ஃபோல்டர்கள் அசிங்கமாக இருக்குமே என்று, அவற்றைத் துடைத்துப் போட இன்னொரு வரியும் சேர்த்திருந்தேன். அந்த வரியை நினைத்தால் இப்போதும் கை கூசுகிறது. எச்சரிக்கை மணி அடித்திருக்க வேண்டிய இடத்தை எல்லாம் அது சுத்தமாகப் பெருக்கிவிட்டது.

ஸ்கிரிப்ட் ஓடி முடிந்ததும் ஒவ்வொரு தலைப்பிலும் எத்தனை கிடைத்தன என்று திரையில் வரிசையாக வந்தது. ஒப்பாரி நிறைய இருந்தது, தாலாட்டு இருந்தது, விடுகதை இருந்தது. தென்மலை, தேவதானம், நெல்கட்டும்செவல் எல்லாம் இருந்தன. நடுநடுவே பூஜ்யங்கள். கோலாட்டம் 0. பழமொழி 0. கோமதி அம்மன் 0. சங்கரன்கோவில் 0.

சங்கரன்கோவில் பூஜ்யமாம். கரிவலத்தில் குடியிருக்கிற ஒருவர் ஊர் ஊராகப் போய்ப் பாட்டுச் சேர்க்கிறார், பக்கத்திலிருக்கிற சங்கரன்கோவிலில் ஒன்றுகூட எடுக்கவில்லையா? வருஷா வருஷம் அங்கே ஆடித்தபசுத் திருவிழாவுக்குக் கூட்டத்தோடு கூட்டமாகப் போகிறவர் கோமதி அம்மன் பாட்டு ஒன்றைக்கூடப் பதியாமல் வந்திருப்பாரா? சின்னப் பிள்ளைக்கும் இது உறைக்கும். எனக்கும் ஒரு கணம் உறைத்தது. அந்தக் கணத்தில் மனசுக்குள் என்ன ஓடியது என்பதைக் கடைசியில் சொல்கிறேன். இப்போதைக்கு, உறைத்தும் மேலே போனேன் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

ஐமேக்கைத் துடைத்து லினக்ஸ் ஏற்றினேன். பிரித்து வைத்ததை அதில் கொண்டுபோய்ப் போட்டேன். என் கணினியில் இடம் போதவில்லை என்று, முதலில் இழுத்து வைத்திருந்த மொத்தத் தொகுப்பையும் அழித்தேன். பேக்கப் எடுங்கள், இரண்டு இடத்தில் வையுங்கள் என்று அலுவலகத்தில் மாதம் ஒருமுறை மின்னஞ்சல் அனுப்புகிறவன் நான். ஊருக்குத்தான் உபதேசம்.

ஆடி பிறந்தது. சங்கரன்கோவிலில் கொடியேறிய அன்று சார்வாள் வந்தார்.

'ஏ தம்பி, கோமதி பாட்டு ஒண்ணு இருக்கும், மேலத்தெருக் கிழவி பாடினது. தேடுதேன், ஆம்புட மாட்டேங்கு. எதுல வச்சிருக்க?'

அவர் வீட்டுக்குப் போய்த் தேடினேன். இல்லை. கோலாட்டம் தேடினேன், இல்லை. வயிற்றுக்குள் ஏதோ கழன்று விழுந்த மாதிரி இருந்தது. அவர் பின்னால் நின்று என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பாமலே சொன்னேன்: 'இந்தத் தேடுற புரோகிராம்ல ஒரு பக் இருக்கு சார்வாள். தமிழ் எழுத்து அதுக்குச் சரியா வராது. ஃபைல் உள்ளதான் எங்கயாவது கெடக்கும். நான் பாக்கேன்.'

'இங்கிலீஷ்காரன் செஞ்சதுல்லா. அவனுக்கு நம்ம எழுத்து எங்க தெரியப்போவுது' என்று எனக்காக அவரே சமாதானம் சொன்னார். ஆச்சி சீனி போட்டுக் காப்பி கொண்டுவந்து தந்தார். குடித்தேன்.

ஃபைண்ட் அப்படி லேசாகப் பழி சுமத்தக்கூடிய கருவியில்லை. 1974இல் யூனிக்ஸின் ஐந்தாம் பதிப்போடு வந்தது, எழுதியவர் டிக் ஹைட் என்பவர். நான் பயன்படுத்துவது பிற்காலத்தில் குனு திட்டத்தார் புதிதாக எழுதியது. உலகத்துச் சர்வர்களில் பெரும்பாலானவற்றில் அதுவோ அதன் பங்காளியோ இருக்கும். அப்படிப்பட்ட ஒன்றில், கோமதி என்று தேடினால் கிடைக்காத அளவுக்குப் பிழை இத்தனை காலம் யார் கண்ணிலும் படாமல் இருந்து, கரிவலத்துக்காரன் ஒருத்தன் கண்டுபிடிக்கப்போகிறான் என்றால் சிரிப்பார்கள். இருந்தும் நான் அதைப் பாதி நம்பத் தொடங்கியிருந்தேன். பொய் சொல்கிறவன் அந்தப் பொய்க்குச் சாட்சி தேடி அலைவான். பிழை இருக்கிறது என்று நிரூபித்துவிட்டால் பொய் உண்மையாகிவிடுமே.

நிரூபிக்கத்தான் உட்கார்ந்தேன். முதலில் மொழி அமைப்பைச் சந்தேகித்தேன். சில அமைப்புகளில் தமிழ் எழுத்தின் பைட்டுகளை ஃபைண்ட் எழுத்தாகவே மதிக்காது. அது சரியாகத்தான் இருந்தது. கோமதி என்று நானே காலிக் கோப்பு ஒன்றை உருவாக்கித் தேடினேன். பளிச்சென்று கிடைத்தது. அப்படியானால் கருவி சரி, சார்வாளின் கோப்புகள்தான் வந்து சேரவில்லை என்று தோன்றியது. ஐமேக்கின் பழைய டிஸ்க்கின் மேல் பழியைப் போட்டுவிடலாமா என்றும் ஒரு நினைப்பு ஓடியது. அடுத்த பொய்யைத் தயார் செய்துகொண்டிருந்தேன் என்று அர்த்தம்.

அப்போதுதான் ஆர்சிங்கின் பதிவேடு ஞாபகம் வந்தது. ஐமேக்கிலிருந்து இழுக்கும்போது எந்தெந்தக் கோப்பு வந்தது என்று ஒவ்வொரு பெயரையும் அது ஓர் உரைக்கோப்பில் எழுதி வைத்திருந்தது. அதில் கோமதியைக் கிரெப் என்ற கருவி கொண்டு தேடினேன். ஒன்றும் இல்லை. சும்மா திறந்து கண்ணால் பார்த்தேன். முதல் பக்கத்திலேயே கோமதி. அடுத்த பக்கத்திலும் கோமதி.

வியர்த்துவிட்டது. ஃபைண்டும் கிரெப்பும் வேறு வேறு ஆட்கள் எழுதிய வேறு வேறு கருவிகள். இரண்டும் ஒரே சொல்லில், ஒரே மாதிரி குருடாகாது.

சொல்லை வெட்டி வெட்டித் தேடினேன். 'மதி' என்று போட்டேன். கோமதி வரிகள் எல்லாம் வந்தன. 'கோ' என்று போட்டால் வரவில்லை. வெறும் 'க' வந்தது. க-வுக்கும் ம-வுக்கும் நடுவில் என்னமோ இருக்கிறது. என்ன தோன்றியதோ, 'கே' என்று தட்டினேன். கோமதி வந்து நின்றாள்.

கே என்று தேடினால் கோ கிடைக்கிறது. நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்தேன். அவ்வளவுதான், முடிச்சு அவிழ்ந்துவிட்டது. பிறகு எண்ணிப் பார்த்தது சும்மா உறுதி செய்துகொள்ளத்தான். நான் தட்டிய கோமதி 15 பைட். சார்வாளின் கோமதி 18 பைட்.

கொஞ்சம் விளக்க வேண்டும். யூனிகோடில் கோ என்ற எழுத்தை இரண்டு விதமாக எழுதலாம். க-வுக்குப் பின்னால் 'ோ' என்று ஒரே குறியைப் போடலாம். இல்லையென்றால் க-வுக்குப் பின்னால் இரட்டைக்கொம்பை ஒரு குறியாகவும் காலை இன்னொரு குறியாகவும் போடலாம். திரையில் இரண்டும் அச்சு அசல் ஒன்றேதான். இரண்டும் சமம், ஒன்றாகவே கருத வேண்டும் என்றுதான் யூனிகோடின் விதியும் சொல்கிறது. ஆனால் நினைவகத்தில் குறி ஒவ்வொன்றுக்கும் 3 பைட். சேர்த்து எழுதினால் கோ 6 பைட், பிரித்து எழுதினால் 9. 'ொ', 'ௌ' இரண்டுக்கும் இதே கதைதான். தமிழில் வேறெந்த உயிர்மெய்க் குறிக்கும் இந்தச் சிக்கல் இல்லை.

ஆப்பிள் 1998இல் கொண்டுவந்த ஹெச்எஃப்எஸ் பிளஸ் என்ற கோப்பு முறைமை, பெயர்களை எப்போதும் பிரித்துத்தான் எழுதிவைக்கும். சார்வாளின் ஐமேக்கில் இருந்தது அதுதான். தேடும்போதும் அது சொல்லைப் பிரித்துக்கொண்டு தேடுவதால், அத்தனை வருஷமும் அவருக்கு ஒரு குறையும் வரவில்லை. லினக்ஸின் கணக்கு வேறு. சாய்கோட்டையும் சுழிப் பைட்டையும் தவிர எதைக் கொடுத்தாலும் கொடுத்தபடியே வைத்துக்கொள்ளும். பிரித்துத் தந்தால் பிரித்து, சேர்த்துத் தந்தால் சேர்த்து. என் தமிழ்99 விசைப்பலகை 'கோ' என்று சேர்த்தே தட்டும். ஆக, நான் 15 பைட் கோமதியைத் தேடிக்கொண்டிருந்தேன், 18 பைட் கோமதி என் கண்முன்னால் உட்கார்ந்திருந்தாள். பெயர்களைச் சேர்த்தெழுதிவிடச் சின்னக் கருவிகள் இருக்கின்றன. ஆர்சிங்கிலேயே அதற்கு ஒரு விருப்பமும் உண்டு. அதைப் போட்டு இழுத்திருந்தால் வழியிலேயே சரியாகியிருக்கும். பதினைந்து வருஷமாக ஆர்சிங்கை ஓட்டுகிறவன், அந்த விருப்பம் எதற்கு என்று ஒரு நாளும் படித்துப் பார்த்ததில்லை.

பிறகு பதிவேட்டை வைத்துக்கொண்டு எது பிழைத்தது, எது போனது என்று பார்த்தேன். விடுகதை தப்பியது, பழமொழி போனது, 'மொ' இருக்கிறதே. தாலாட்டு இருந்தது, தொட்டில் பாட்டு இல்லை. தூண்கள் நின்றன, கோபுரங்கள் போயின. இங்குள்ள பஞ்சபூதத் தலங்களில் நீருக்கான தாருகாபுரம் தப்பியது, காற்றுக்கான தென்மலை தப்பியது, ஆகாயத்துக்கான தேவதானமும் நெருப்புக்கான எங்கள் கரிவலமும் தப்பின. மண் தலமான சங்கரன்கோவில் மட்டும் மண்ணோடு மண்ணாயிற்று. பூலித்தேவர் இருந்தார். சொலவடை ஒன்றுகூட இல்லை. 'கரிவலம் கோபுரம்' என்று பெயர் வைத்தவை மட்டும், பக்கத்தில் கரிவலம் என்ற சொல் நின்ற புண்ணியத்தால் பிழைத்திருந்தன. கோப்பு என்ற சொல்லே அந்த எழுத்தில்தான் தொடங்குகிறது. பொய் என்ற சொல்லும் அப்படித்தான், அதையும் தேடினால் கிடைத்திருக்காது.

மறுநாள் காலையிலேயே சார்வாள் வீட்டுக்குப் போனேன். எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் என்ற முடிவோடுதான் போனேன். அதை நம்புங்கள். கோமதி கதையில் ஆரம்பித்தேன். ஒரு தாளை எடுத்துக் கொம்பைத் தனியாகவும் காலைத் தனியாகவும் எழுதிக் காட்டினேன்.

அவர் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே.

'ரெட்டைக்கொம்பு, கானா, கால். ஒண்ணாப்புல ஒனக்கு டீச்சர் அப்படித்தான சொல்லிக் குடுத்திருப்பா? அந்த மிஷினும் ஒண்ணாப்புப் பிள்ளை மாதிரி எழுத்தைக் கூட்டி எழுதியிருக்கு. இதுல என்னடே தப்பு?' என்று கேட்டுவிட்டு, நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். அப்புறம் அரை மணி நேரம் வகுப்பு. ஓலைச்சுவடியில் புள்ளி வைக்க மாட்டார்கள். வைத்தால் ஓலை கிழியும். எகர ஒகரம் குறிலா நெடிலா என்று எழுத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. காலும் ரகரமும் ஒரே உருவத்தில் இருக்கும். கொம்பைச் சுழித்து நெடிலைப் பிரித்துக் காட்டியவர் வீரமாமுனிவர் என்ற பெஸ்கி, இத்தாலியிலிருந்து வந்தவர், 1747இல் காலமானார். அதற்கு முந்தின ஏடுகளில் கெ-யா கே-யா, கொ-வா கோ-வா கேர-வா என்று பாட்டின் பொருளைப் பார்த்துத்தான் பிரிக்க வேண்டும்.

'உ.வே.சா. என்ன பாடு பட்டிருப்பாரு! நீ ஒரு கோமதிக்கு இந்தப் பாடு படுத' என்றார்.

நான் தலையாட்டிக்கொண்டே இருந்தேன். கோப்புகள் எங்கே என்று அவர் கேட்கவில்லை. எழுத்துப் பிரச்சினை என்று தெரிந்துவிட்டதால் எழுத்தைச் சரி செய்தால் கோப்புகள் வந்துவிடும் என்று அவராகவே முடிவுசெய்துகொண்டார். நான் திருத்தவில்லை. சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. யூனிகோடு, ஹெச்எஃப்எஸ் பிளஸ், கொம்பு, கால், எல்லாம் உண்மை. அந்த உண்மையை ஒரு பாய் மாதிரி விரித்து, அழித்தேன் என்கிற ஒற்றைச் சொல்லை அதன் கீழே தள்ளிவிட்டு எழுந்து வந்தேன். முதலில் சொன்ன பொய்யாவது அவசரத்தில் வாயிலிருந்து விழுந்தது. இதை நிதானமாக, படம் போட்டு விளக்கிச் சொன்னேன்.

உ.வே.சா. பெயரை அவர் எடுத்ததும் எனக்குள் சுருக்கென்றது. எங்கள் ஊருக்கு உ.வே.சா. ஒருமுறை ஏடு தேடி வந்திருக்கிறார். பாண்டியர் காலத்துச் சுவடிகள் பால்வண்ணநாதர் கோயிலில் இருக்கின்றன என்று கேள்விப்பட்டு வந்தவருக்குச் சாம்பல் செய்திதான் கிடைத்தது. பழைய ஏடுகளை என்ன செய்ய வேண்டும் என்று ஆகமத்தில் சொல்லியிருக்கிறபடி, நெய்யில் தோய்த்து ஹோமத்தில் இட்டுவிட்டோம் என்றார்களாம். அவர் அதை எழுதி வைத்திருக்கிறார். எங்கள் ஊர்ப்பிள்ளைகள் எல்லாருக்கும் தெரிந்த கதைதான். இங்கே வந்துபோகிற வெளியூர்க்காரர்களிடம் நானே எத்தனையோ தடவை சொல்லி, 'பாருங்க, எப்படிப்பட்ட மூடர்கள்' என்று சிரித்திருக்கிறேன். அவர்களாவது ஒரு சாஸ்திரத்தை மதித்துச் செய்தார்கள், நெய் செலவழித்தார்கள். எனக்கு என்டர் விசை ஒன்றே போதுமாக இருந்தது. அக்கினித் தலம் என்ற பெயருக்கு இந்த ஊர் இரண்டாவது தடவையும் குறை வைக்கவில்லை.

அழித்ததை மீட்கிற வேலை மிச்சம் இருந்தது. என் கணினியில் எஸ்எஸ்டி. அழித்த இடங்களை அது வாரம் ஒருமுறை தானே துப்புரவாக்கிவிடும். அங்கே நம்பிக்கை இல்லை. ஐமேக்கில் இருப்பது சுழல்கிற பழைய டிஸ்க். அதைத் துடைத்தேன் என்றேனே, உண்மையில் அட்டவணையைத்தான் மாற்றி எழுதியிருந்தேன். லினக்ஸும் திருப்பிப் போட்ட கோப்புகளும் உட்கார்ந்த இடம் போக, மற்ற இடங்களில் பழைய பைட்டுகள் அப்படியேதான் கிடக்கும். 'லேசா ஸ்லோவா இருக்கு சார்வாள், பாத்துத் தாரேன்' என்று சொல்லி அதை எடுத்து வந்தேன். மூன்றாவது பொய், சின்னது. எண்ணிக்கைக்காகச் சொல்கிறேன்.

ஃபோட்டோரெக் என்று ஒரு கருவி இருக்கிறது. அட்டவணையைப் பார்க்காமல் டிஸ்க்கை முதலிலிருந்து கடைசி வரை துழாவி, படம் எப்படித் தொடங்கும், ஒலிப்பதிவு எப்படித் தொடங்கும் என்ற அடையாளத்தை வைத்தே கோப்புகளைத் தோண்டி எடுக்கும். இரண்டு ராத்திரி ஓட விட்டேன். படங்கள் நிறைய வந்தன. ஒலிப்பதிவுகளில் சில முழுசாக, சில பாதியில் அறுந்து, சிலதில் வெறும் இரைச்சல். அட்டவணையில்தான் பெயர்கள் இருந்தன என்பதால், தோண்டியெடுத்த எதற்கும் பெயர் கிடையாது. ஒவ்வொன்றும் ஒரு நீள எண்.

ஆர்சிங்கின் பதிவேட்டில் பெயர்கள் எல்லாம் இருந்தன, ஆள் இல்லை. ஃபோட்டோரெக் தந்த குவியலில் ஆட்கள் இருந்தார்கள், பெயர் இல்லை. படங்களையாவது உள்ளே பதிந்திருக்கிற தேதியை வைத்து ஓரளவு ஊகிக்கலாம். மேலத்தெருக் கிழவி பாடினாளா கீழத்தெருக் கிழவி பாடினாளா என்று எந்த ஃபைண்டிடம் கேட்பது? அது தெரிந்தவர் ஒருவர்தான்.

அன்றைக்குப் போய்ச் சொன்னேன். இந்தத் தடவை தாள், பேனா ஒன்றும் எடுத்துப் போகவில்லை. 'அழிச்சது நான்தான் சார்வாள்' என்றேன். பக் என்று சொன்னது பொய் என்றேன், எழுத்தைப் பற்றிச் சொன்னது தப்பிக்கச் சொன்னது என்றேன். அவர் திண்ணையிலிருந்து தெருவைப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஆச்சி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டார். காப்பி வரவில்லை.

ரொம்ப நேரம் கழித்து, 'மிச்சம் எம்புட்டு இருக்கு?' என்று மட்டும் கேட்டார்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் உட்காருகிறோம். நான் ஒன்றைப் போடுவேன், அவர் கண்ணை மூடிக் கேட்பார். சில குரல்களை முதல் அடியிலேயே சொல்லிவிடுவார், ஊர், தெரு, யார் வீட்டுத் திண்ணை என்பது வரைக்கும். சிலதுக்குத் தலையைக் குலுக்குவார். பாடியவர்களில் பலர் இப்போது இல்லை. அதனால் தெரியாதவை தெரியாதவைதான். பதிவேட்டில் பெயர் இருந்து குவியலில் வராதவற்றுக்குத் தனியாக ஒரு பட்டியல் வைத்திருக்கிறேன். மேலத்தெருக் கிழவியின் கோமதி பாட்டு அதில்தான் இருக்கிறது.

கடைசியில் சொல்கிறேன் என்றதை அவரிடமும் இன்னும் சொல்லவில்லை. சங்கரன்கோவில் 0 என்று திரையில் வந்தபோது எனக்கு உறைத்தது என்றேன் அல்லவா? உறைத்ததும் நாள்காட்டித் தாளை எடுத்துப் பார்த்தேன். கோமதி அம்மன் பாட்டு என்று அடிக்கோடிட்டு எழுதியிருந்தது. 'கிழவர் ஆசைக்கு எழுதியிருக்காரு, எடுத்திருக்க மாட்டாரு' என்று நினைத்தேன். பேச்சுக்குப் பேச்சு பதிவு பதிவு என்கிறவர், சேர்த்ததில் பாதி கற்பனையாகத்தான் இருக்கும் என்று நினைத்தேன். ஆறாம் வகுப்பில் எனக்குத் தமிழ் சொல்லித்தந்தவர், தன் கைப்பட எழுதிய தாள் ஒரு பக்கம். நான் பதினைந்து நிமிஷத்தில் எழுதிய ஸ்கிரிப்ட் காட்டிய பூஜ்யம் ஒரு பக்கம். எதை நம்புவது என்று எனக்கு ஒரு விநாடிகூடத் தடுமாற்றம் வரவில்லை. தாளைக் கசக்கிக் கூடையில் போட்டேன்.

இந்த ஞாயிற்றுக்கிழமை இதை அவருக்கு வாசித்துக் காட்ட வேண்டும். அவருக்கு இப்போது கண் மங்கல், தானாகப் படிக்க முடியாது. அந்தத் தாள் வரைக்கும் வந்து நிறுத்திவிடாமல் வாசிக்க வேண்டும்.